உஷார்! படுக்கையறைத் தொட்டியில் எந்த ஊர் மண்?

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்துக்குக் கீழே மண் வண்டிக்காரர் வந்து நின்றார். "மிட்டி லே லோ, காத் லே லோ, கம்லா லே லோ" என்ற குரல் மூன்றாம் மாடி வரை கேட்கும். எதிர்வீட்டு மாமி இறங்கிப் போய் இரண்டு மூட்டை கறுப்பு மண் வாங்கிவந்தார். அள்ளிப் பார்த்தால் பொலபொலவென்று, வறுத்து அரைத்த காப்பிப்பொடி மாதிரி இருந்தது. "எங்கேருந்து கொண்டு வர்றே பையா?" என்று மாமி தன் இந்தியில் கேட்டதற்கு, "கேத் கா ஹை, மாதாஜி" என்று யமுனைப் பக்கம் கையைக் காட்டினாராம். வயல் மண்! மாமிக்கு ஒரே சந்தோஷம்.

வெளியே புகைமூட்டம். பால்கனியில் பத்து நிமிடம் நின்றால் தொண்டை கரகரக்கும். ஆகவே மாமி படுக்கையறையில் செய்தித்தாளை விரித்து, ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஏழு தொட்டிகளுக்கு மண் மாற்ற உட்கார்ந்தார். ஒத்தாசைக்குப் போன என் விரலில் எதுவோ சுருக்கென்று ஏறியது. கண்ணாடிச் சில்லு. சந்தேகம் வந்து மூட்டையைத் தாளில் கொட்டிக் கிளறினோம். ஷாம்பு சாஷேயின் கிழிந்த மூலை, உருகிச் சுருண்ட பிளாஸ்டிக், ஒரு மாத்திரைப் பட்டையின் துண்டு, துருப்பிடித்த பேட்டரி மூடி. எந்த வயலில் மாத்திரைப் பட்டை விளைகிறது?

அன்று இரவு மாமிக்குத் தொடங்கிய இருமல் பத்து நாள் விடவில்லை. மண்ணால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். டிசம்பரில் இருமாத தில்லிவாசி யார்? ஆனால் சர்க்கரை நோய் உள்ள 68 வயதுப் பெண்மணி, மூடிய அறையில், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மண்ணின் தூசியை இரண்டு மணி நேரம் சுவாசித்தார் என்பது உண்மை. இத்தனையும் அறையின் காற்றைச் சுத்தப்படுத்துவதற்காக!

வீட்டுக்குள் செடி வைத்திருக்கும் எல்லோருக்கும், முக்கியமாகப் புகைமூட்டத்துக்குப் பயந்து படுக்கையறையைத் தோட்டமாக்கிக் கொண்டிருப்பவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. செடியை இலை இலையாகப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். அதன் கூடவே வீட்டுக்குள் வரும் ஐந்து கிலோ மண்ணை ஏன் என்று கேட்பதில்லை.

காற்றுக்காக வாங்கிய செடி

இந்த ஆசை எங்கே முளைத்தது என்று பார்த்தால், அதற்கும் ஒரு தில்லி முகவரி உண்டு. நேரு பிளேஸில் உள்ள பஹார்பூர் பிசினஸ் சென்டர். அதை நடத்திவந்த கமல் மீட்டல் 2009-இல் டெட் மேடையில் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். அரேக்கா பனை, மாமியார் நாக்கு என்று கேலியாக அழைக்கப்படும் பாம்புச் செடி, மணி பிளான்ட் ஆகிய மூன்று செடிகளை வைத்தே அறைக் காற்றைப் புதுப்பிக்கலாம் என்றார். 50,000 சதுர அடிக் கட்டடத்தில் 300 பேருக்கு 1,200-க்கும் மேற்பட்ட செடிகள் வைத்திருப்பதாகக் கணக்கும் சொன்னார். அந்த மூன்று பெயர்களும் நாடு முழுக்கப் பரவின. இன்று தில்லியில் எந்த நர்சரிக்குப் போனாலும் முதல் வரிசையில் நிற்பவை இவைதான்.

ஆனால் அந்த உரையில் இருந்த இரண்டு விஷயங்களை நாம் வசதியாக மறந்துவிட்டோம். முதலாவது, எண்ணிக்கை. ஓர் ஆளுக்குத் தோள் உயரத்தில் நான்கு அரேக்கா, படுக்கையறையில் இடுப்பு உயரத்தில் ஆறு முதல் எட்டு பாம்புச் செடி என்றார் அவர். நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் கணக்குப் போட்டால், நாம் வீட்டைக் காலி செய்துவிட்டுச் செடிகளைக் குடிவைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, மண். அரேக்காவைக் கிருமி நீங்கிய மண்புழு உரத்திலோ, மண்ணே இல்லாமல் நீரிலோ வளர்க்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து வைக்க வேண்டும். தில்லியில் இலைகளைத் தினமும் துடைக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். செடியின் பெயர் ஊரெல்லாம் பரவியது. மண்ணைப் பற்றிய பேச்சு அந்த மேடையிலேயே நின்றுவிட்டது.

இந்தக் கதைக்கு மூலம் 1989-இல் நாசாவுக்காக பில் வுல்வர்ட்டன் செய்த ஆய்வு. அது காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. அளக்கப்பட்டவை பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற ஆவிகள். தில்லியை மூச்சுத் திணற வைக்கும் நுண்தூசி அந்த ஆய்வில் இல்லை. 2019-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் இருவரும் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிக் கணக்கிட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் காற்று உள்ளே வெளியே போய்வருவதால் தானாக நடக்கும் சுத்திகரிப்பைச் செடிகளால் எட்ட வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவைப்படுமாம்.

2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 494-ஐத் தொட்டது. அந்த மாதிரி நாளில் ஜன்னலோரத்து மூன்று மணி பிளான்ட் நம்மைக் காப்பாற்றாது. செடி வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கு ஆறுதல், அது போதும். மருந்து என்று நினைத்து, மண் பற்றிய ஜாக்கிரதையைக் கைவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

கறுப்பாக இருந்தால் நல்ல மண்ணா?

கறுப்பு மண் என்றால் சத்தான மண் என்பது நம் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. கரிசலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சரிதான். நகரத்தில் கறுப்பு என்பது மக்கிய குப்பையின் நிறமும்கூட.

தில்லியில் மூன்று குப்பை மலைகள் இருக்கின்றன. காஜிப்பூர் 1984-இலிருந்தும், பல்ஸ்வா 1994-இலிருந்தும், ஓக்லா 1996-இலிருந்தும் குப்பையைச் சுமக்கின்றன. 2017 செப்டம்பர் 1 அன்று காஜிப்பூர் மலையின் ஒரு பக்கம் சரிந்து இரண்டு உயிர்கள் போயின. 2019-க்குப் பிறகு இந்த மலைகளைத் தோண்டி, பெரிய சல்லடை உருளைகளில் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. பிளாஸ்டிக், கல், துணி எல்லாம் ஒரு பக்கம் போக, மறுபக்கம் விழுவது கறுப்பான, பொலபொலப்பான பொடி. பார்வைக்கு முதல்தர எரு மாதிரி இருக்கும். ஐஐடி தில்லி ஆய்வாளர்கள் தில்லி, ஹைதராபாத், கடப்பா ஆகிய மூன்று ஊர்க் குப்பைமேடுகளின் இந்தப் பொடியைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கத்து நிலத்து மண்ணைவிடக் கன உலோகங்களும் உப்பும் அதிகம். தண்ணீர் பட்டால் கறுத்த சாறு இறங்குகிறது என்பது அவர்கள் கண்டது.

வண்டிக்காரரின் மூட்டை அங்கிருந்து வந்ததா? தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது, அவர் யாரிடமோ வாங்கி விற்கிறவர். அவர்மேல் பழி போட்டுப் பயனில்லை. ஊர் பேர் தெரியாத மண் நம் தலையணைக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறதே, கவலை அதுதான்.

சரி, அவர் சொன்னபடி யமுனைக் கரை வயல் மண் என்றே வைத்துக்கொள்வோம். அது மட்டும் பத்தரைமாற்றா? வஜீராபாத் முதல் ஓக்லா வரை தில்லிக்குள் ஓடும் 22 கிலோமீட்டர், யமுனையின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் நதியின் அசுத்தத்தில் முக்கால் பங்குக்குப் பொறுப்பு அந்தத் துண்டுதான். யமுனைக்காகவே வாழ்ந்து 2023-இல் மறைந்த மனோஜ் மிஸ்ரா தொடுத்த வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரி 13 அன்று தீர்ப்பளித்தது. நதி சுத்தமாகும் வரை தில்லி வெள்ளச் சமவெளியில் உண்ணும் பயிர்களை விளைவிக்கக் கூடாது என்று அதில் உத்தரவிட்டது. கீரை போட லாயக்கில்லை என்று தீர்ப்பாயம் சொன்ன நிலத்து மண்ணை, குழந்தை தவழும் அறைக்குள் கொண்டுவருவானேன்?

"அலங்காரச் செடிதானே, தின்னவா போகிறோம்?" என்று கேட்கலாம். செடியைத் தின்ன மாட்டோம். ஆனால் தொட்டி மண் காய்ந்தால் தூசி. தூசி தரையில் படியும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்துக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கழுவினாலும் காயவைத்தாலும் போகாது.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, விற்பனைக்கு வரும் நகரக் கம்போஸ்டுக்கும் மண்புழு உரத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது. ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. காட்மியம் 5-க்கு மேல் கூடாது. ஆகவே உரப் பையை வாங்கும்போது தயாரித்தவர் பெயர், முகவரி, தொகுதி எண், பொதிந்த மாதம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 'ஆர்கானிக்' என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருப்பது அத்தாட்சி ஆகாது. சாக்கு மூட்டையில் வரும் உதிரி மண்ணுக்கு அதுவும் இல்லை.

வாங்கிய மண்ணைச் சோதிக்க வீட்டிலேயே மூன்று வழிகள் உண்டு. ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பிக் கிளறிப் பாருங்கள்; சில்லு, பிளாஸ்டிக், ஊசி, பேட்டரி எது தென்பட்டாலும் மூட்டையோடு வெளியேற்றுங்கள். ஈரப்படுத்தி முகத்திலிருந்து தள்ளிப் பிடியுங்கள்; முதல் மழை வாசனை வந்தால் சரி, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேண்டாம். ஒரு கரண்டி மண்ணில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம். கட்டட இடிபாட்டு 'மல்பா' கலந்திருக்கலாம். அந்த மண்ணில் இரும்புச் சத்து வேருக்குக் கிட்டாமல், நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகும். கன உலோகம் மட்டும் இந்த மூன்றுக்கும் சிக்காது. அதனால்தான் மூலம் தெரியாத மண்ணே வேண்டாம் என்கிறேன்.

மூட்டையைப் பிரிக்கும் அந்த ஒரு நிமிடம்

ஆஸ்திரேலியாவில் தொட்டி மண் பை வாங்கினால், அதன்மேல் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். 1980-களின் இறுதியில் தெற்கு ஆஸ்திரேலியாவில் பலர் நிமோனியாவில் விழுந்தார்கள். காரணம் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா. அது குடியிருந்த இடம் தோட்டத் தொட்டி மண். பையைக் கிழித்ததும் எழும் தூசியையும் நீர்த்திவலையையும் சுவாசிப்பதன் மூலம் நுரையீரலுக்குப் போகிறது. அதன் பிறகுதான் அங்கும் நியூஸிலாந்திலும் பைகளில் எச்சரிக்கை ஏறியது: முகக்கவசம் அணியுங்கள், கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் பிரியுங்கள், மண்ணை நனைத்துக்கொள்ளுங்கள், கையைக் கழுவுங்கள்.

"அது வெளிநாட்டுக் கதை" என்று தள்ளிவிட வேண்டாம். 2021 மே மாதம் நினைவிருக்கிறதா? கொரோனா இரண்டாம் அலையில் தில்லி ஆக்சிஜனுக்குத் தவித்த நாட்களில், பின்னாலேயே கறுப்புப் பூஞ்சை என்று நாம் பெயர் வைத்த மியூக்கார்மைகோசிஸ் வந்தது. ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. பலருக்குக் கண் போனது. அந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் மக்கும் இலையிலும் சாணத்திலும் எப்போதும் இருப்பவை. அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட அறிவுரையில் ஒரு வரி தோட்டக்காரர்களுக்கென்றே இருந்தது: மண், பாசி, எரு கையாளும்போது காலணி, முழுக்கால் உடை, முழுக்கைச் சட்டை, கையுறை அணியுங்கள். அலை ஓய்ந்தது, அறிவுரையையும் மறந்தோம். மண்ணில் பூஞ்சை அங்கேயேதான் இருக்கிறது.

பயமுறுத்த வேண்டும் என்பதற்காக மிகைப்படுத்த மாட்டேன். ஆரோக்கியமாக உள்ளவர் மண்ணைத் தொட்டதும் படுத்துவிட மாட்டார். தலைமுறை தலைமுறையாக மண்ணில் புரண்டவர்கள்தான் நாம். ஆனால் கட்டுப்படாத சர்க்கரை, ஆஸ்துமா, ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை, மாற்று உறுப்பு என்று இதில் ஏதாவது ஒன்று உள்ளவர்கள் மண் மாற்றும் வேலைக்கே போகக் கூடாது. அந்த நேரத்தில் அந்த அறையிலும் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை?

ஆகவே பையை முகத்துக்கு எதிரே வைத்துப் பல்லால் கடித்துக் கிழிப்பதை இன்றோடு விடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டி, வெட்டிய உடனே தண்ணீர் தெளித்து, தூசி அடங்கிய பிறகு கை வையுங்கள். இடம் பால்கனியோ மொட்டைமாடியோதான். காற்று மோசமாக இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். செடி ஒரு மாதம் பொறுக்கும். ரணஜன்னித் தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதென்றால், சில்லு குத்தும் வரை காத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். மண் வேலை செய்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு வந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

அடியில் கல் போடாதீர்கள்

இதுவரை சொன்னது நம் உயிருக்கு வரும் ஆபத்து. இனி செடியின் உயிர்.

தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பாட்டி காலத்திலிருந்து செய்துவருகிறோம். நடப்பது நேர்மாறு. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் உள்ளங்கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும், அதே ஸ்பாஞ்சை நெட்டுக்குத்தலாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும். உயரம் கூடினால்தான் நீர் இறங்குகிறது. மண்ணும் அப்படித்தான்; அடியில் ஒரு ஈரப் பட்டையை எப்போதும் பிடித்துவைத்திருக்கும். ஜல்லி போட்டால் மண்ணின் உயரம் குறைகிறது, அந்த ஈரப் பட்டை மேலே ஏறி வேரையே நனைத்துக்கொண்டு நிற்கிறது. வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. துளையில் ஓர் ஓட்டுச் சில்லோ வலைத் துண்டோ வைத்தால் போதும்.

இரண்டாவது தவறு, பெரிய தொட்டி. "அடிக்கடி மாற்ற வேண்டாமே" என்று நாலு அங்குலச் செடியைப் பத்து அங்குலத் தொட்டியில் வைக்கிறோம். வேர் எட்டாத மண்ணில் தேங்கும் ஈரம் புளித்துப் போகிறது. பழைய தொட்டியைவிட ஒன்று, மிஞ்சினால் இரண்டு அங்குலம் அகலம் கூடினால் போதும்.

மூன்றாவது, வெறும் தோட்டத்து மண். தில்லியின் களிமண் தொட்டிக்குள் இரண்டு தண்ணீரிலேயே செங்கல்லாக இறுகும். வீட்டுக்குள் வைக்கும் செடிக்குத் தோட்டத்து மண்ணே வேண்டியதில்லை. கழுவிய தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, நம்பகமான மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது கழுவிய கொரகொரப்பு மணல் ஒரு பங்கு. மணி பிளான்ட், அரேக்கா, பீஸ் லில்லிக்கு இது போதும். பாம்புச் செடிக்கும் ஜீஜீ செடிக்கும் மணலைப் பாதி வரை கூட்டுங்கள். தில்லித் தோட்டக்காரர்கள் 'பதர்பூர்' என்று கேட்டு வாங்கும் செம்மை கலந்த பருமணல் இதற்கு ஏற்றது. ஆனால் கட்டட வேலை நடக்கும் இடத்துக் குவியலிலிருந்து எடுக்காதீர்கள், சிமென்ட் கலந்திருக்கும்.

நார்த்தூள் நம் பொள்ளாச்சிச் சரக்கு. ஐந்து கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டருக்குப் பொங்கும். ஆனால் தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. கழுவாத நார்த்தூளில் நட்ட செடியின் இலை நுனி கருகும். நாம் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம். தில்லி வீடுகளில் ஆர்.ஓ. இருக்கும், கூடவே பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரும் இருக்கும். நார்த்தூளை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் அதை நீட்டுங்கள். குழாய்த் தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் இறங்கும் வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். அதே காரணத்துக்காக ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். சிக்கனம் நல்லதுதான், அந்தத் தண்ணீரில் தரை துடையுங்கள்.

வேப்பம் புண்ணாக்கும் கடுகுப் புண்ணாக்கும் மொட்டைமாடித் தோட்டத்துக்கு நல்லவை. மூடிய அறையில், ஈரத் தொட்டியில், ஒரே வாரத்தில் வெள்ளைப் பூசணம் படரும். சின்னச் சின்ன ஈக்கள் மொய்க்கும். வீட்டுக்குள் வேண்டாம்.

பனியிலும் வெயிலிலும் கை வைக்காதீர்கள்

சென்னையில் அக்னி நட்சத்திரத்தைத் தவிர்த்தால் எப்போது வேண்டுமானாலும் தொட்டி மாற்றலாம். தில்லி அப்படி இல்லை. ஜனவரி இரவுகளில் குளிர் 7 டிகிரியைச் சுற்றி நிற்கும். வெப்பமண்டலச் செடிகள் உறங்கும் காலம் அது. அப்போது வேரைக் கலைத்தால் புது வேர் விடாது, ஈரம் காயாது, அழுகல்தான். மே, ஜூனில் 'லூ' என்னும் அனல்காற்று வீசும்போது மாற்றினால் வாடல். மாமி டிசம்பரில் மாற்றிய ஏழில் நான்கு பொங்கலுக்குள் போய்விட்டன.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை ஒரு வாய்ப்பு. பருவமழை தில்லிக்கு வரும் வழக்கமான நாள் ஜூன் 27. அது ஊன்றிய பிறகு ஜூலை, ஆகஸ்டில் இன்னொரு வாய்ப்பு. நர்சரியிலிருந்து வந்த அன்றே மாற்ற வேண்டாம். இரண்டு வாரம் வீட்டுக்குப் பழகட்டும். துளை வழியே வேர் எட்டிப் பார்க்கிறதா, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறதா, அப்போதுதான் மாற்றும் வேளை. மாற்றிய பிறகு ஒரு மாதத்துக்கு உரம் கூடாது.

இலவசப் பொட்டலமும் அரிக்கும் சாறும்

சில இடங்களில் செடி வாங்கினால், பூச்சி வராது என்று சொல்லி மணல் மாதிரியான குருணையை ஒரு பொட்டலம் கட்டித் தருவார்கள். வாங்காதீர்கள். தொட்டிகளில் தாராளமாகத் தூவப்பட்ட போரேட் குருணை, கொடிய நஞ்சு என்பதால் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. பெயர் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? வயலில் போட்டாலே ஆபத்தானதை, குழந்தை தூங்கும் அறையில் தூவுவதா?

தொட்டி மாற்றும்போது ஒடியும் தண்டின் சாறும் சாதாரணம் அல்ல. டீஃபன்பேக்கியா, மணி பிளான்ட், பிலோடென்ட்ரான் எல்லாம் நம் கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கின் குடும்பம். கருணையை நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இவற்றிலும் உண்டு. கருணையைப் புளி போட்டு வேகவைத்து அடக்கிவிடுகிறோம். குழந்தை வாயில் போடும் இலையை யார் வேகவைப்பது? நாக்கும் உதடும் வீங்கும். வாயைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, உடனே மருத்துவரிடம் போங்கள். தில்லி எய்ம்ஸில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1800 116 117. ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.

பழைய தொட்டிக்குள் டெங்கு

மண் மாற்றி முடித்ததும் பழைய தொட்டி, தட்டு, கறுப்பு பாலித்தீன் பை எல்லாவற்றையும் பால்கனி மூலையில் அடுக்கி வைப்போம். அடுத்த மழைக்கு அவை கொசுப் பண்ணை. 1996-இல் தில்லி டெங்குவில் 423 பேரைப் பறிகொடுத்தது. 2015-இல் 15,867 பேருக்கு வந்தது. 60 பேர் இறந்தார்கள். ஏடிஸ் கொசுவுக்குக் குளம் வேண்டாம், செடித் தட்டில் நிற்கும் இரண்டு கரண்டித் தண்ணீர் போதும். மணி பிளான்ட் பாட்டில் அதற்கு மாளிகை.

தட்டைக் கவிழ்த்தால் போதாது. முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். அடுத்த தண்ணீர் பட்டதும் பொரியும். நார் போட்டுத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை தேய்த்தால் சங்கிலி அறும். 2019-இல் தில்லி அரசு 'பத்து வாரம், பத்து மணி, பத்து நிமிடம்' என்று ஞாயிற்றுக்கிழமை இயக்கம் நடத்தியது இதற்குத்தான்.

கையை நனைக்கும் முன்…

ஊர் பேர் இல்லாத உதிரி மண் வேண்டாம். விவரம் அச்சிட்ட பை மட்டும்.
வேலை வெளியில், முகக்கவசம், கையுறை, முழுக்கை உடை கட்டாயம்.
பையைக் கத்தரியால் வெட்டி, உடனே நனைக்கவும்.
சர்க்கரை, ஆஸ்துமா நோயாளிகளும் குழந்தைகளும் கிட்டே வர வேண்டாம்.
அடியில் ஜல்லி இல்லை. தொட்டி ஒன்றிரண்டு அங்குலம்தான் பெரிது.
பெயரில்லாத பூச்சிக் குருணை வேண்டவே வேண்டாம்.
பழைய தொட்டியும் தட்டும் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைக்கவும்.
முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, உடை மாற்றவும்.

மாமி இப்போது மூன்றே செடி வைத்திருக்கிறார். மார்ச் மாதம், மொட்டைமாடியில், மகன் முகக்கவசத்தோடு மண் மாற்றினான். மாமி நாற்காலி போட்டுத் தள்ளி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். வண்டிக்காரர் இன்னமும் ஞாயிறுதோறும் வருகிறார். அவரிடம் தொட்டி வாங்குங்கள், தட்டு வாங்குங்கள், பேரம்கூடப் பேச வேண்டாம். மண் மூட்டையைக் காட்டினால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பையா, யே மிட்டி கஹாங் கீ ஹை?" ஊரின் பெயர் வராவிட்டால், அந்த மூட்டை உங்கள் வாசற்படி ஏற வேண்டாம்.